விளையாட்டுக் கணிப்பொறியும் வீட்டு வரவுசெலவும்

ஒரு தலைமுறைக்கு முன் பிள்ளைகள் பெற்றோரிடம் மிதிவண்டி கேட்டார்கள். அவர்களுக்குப் பின் வந்தோர் மோட்டார் சைக்கிள் கேட்டார்கள். இன்று அரக்கோணத்திலும் அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் உள்ள நம் இல்லங்களில், இளைஞர்கள் கேட்கும் பொருளின் பெயரே பெற்றோருக்கு விளங்குவதில்லை. "கிராபிக்ஸ் கார்டு" என்கிறான் மகன். அது என்ன, எதற்கு, அதற்கு ஏன் சம்பளத்தில் பாதி என்று தந்தை கேட்கிறார். விளக்கிச் சொல்ல மகனுக்குப் பொறுமை இல்லை. கேட்டறியத் தந்தைக்கு நேரம் இல்லை. இருவருக்கும் இடையே தாய் தவிக்கிறாள்.

மாலைத் திருப்பலி முடிந்தபின் ஒரு தாய் நம்மிடம் வந்து கேட்டது இது: "தோத்திரம் சாமி. பெரியவன் கம்ப்யூட்டர்ல ஏதோ மாத்தணும்னு இருபத்தஞ்சாயிரம் கேக்கிறான். வளையலை வெச்சுக் குடுத்துடலாமான்னு பாக்கிறேன். இவரோ, இது சூதாட்டம், ஒரு பைசா தரமாட்டேங்கிறாரு. ரெண்டு பேரும் பேசி பத்து நாளாச்சு. நீங்களே சொல்லுங்க சாமி."

வளையலைக் கழற்ற வேண்டாம் என்று மட்டும் அப்போது சொன்னோம். அடுத்த ஞாயிறன்று மகனை வரச் செய்து, அவன் எழுதி வைத்திருந்த பட்டியலை வாங்கிப் பார்த்தோம். குருமடத்தில் நாம் பயின்ற தத்துவ சாத்திரத்தில் இதற்கு இடமில்லை. ஆகவே விவரம் அறிந்த பங்கு இளைஞர் இருவரிடம் அமர்ந்து பாடம் கேட்டோம். சென்னைக்கும் சென்று கடைகளை நேரில் கண்டோம். அவ்வாறு அறிந்தவற்றுள் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்தத் தந்தையின் அச்சத்தைக் குறித்து ஒரு சொல். அது வெற்று அச்சம் அன்று. பணம் கட்டி ஆடும் இணையவழி ரம்மியினால் தமிழ்நாட்டில் குடும்பங்கள் சிதைந்ததையும் உயிர்கள் மாய்ந்ததையும் நாம் அறிவோம். அதனைத் தடுக்கவே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022-இல் மசோதா நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் அது சட்டமாயிற்று. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்து சட்டம் இயற்றியது. ஆனால் பணப்பந்தயம் இல்லாத கணிப்பொறி விளையாட்டுகளை அந்தச் சட்டமே வேறாக வைத்துப் பார்க்கிறது. போட்டியாக ஆடப்படும் இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரிக்கவும் செய்கிறது. கார்ப் பந்தயமோ கால்பந்தோ ஆடும் மகனைச் சூதாடி என்று அழைப்பது அநீதி. "இதில் நீ பணம் கட்டுகிறாயா?" என்று தந்தை கேட்கலாம், கேட்கவும் வேண்டும். விளையாட்டுக்குள்ளே உடை, ஆயுதம் என்று காசுக்கு விற்கப்படுவனவும் உண்டு; அவற்றையும் சேர்த்தே கேட்கட்டும்.

இனி, பெட்டிக்குள் இருப்பது என்ன என்று பார்ப்போம்.

ரயில்வே ஊர்க்காரர்களுக்கு ரயில்வே உவமையே எளிது. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டபோதே அதன் வழியில் அமைந்த ஊர் அல்லவா நம்முடையது! கணிப்பொறியை ஒரு ஜங்ஷனாக எண்ணிக்கொள்வோம். ப்ராசஸர் என்பது நிலைய அதிகாரி. எந்த வண்டி எப்போது போகவேண்டும் என்று ஆணையிடுவது அதுவே. ராம் என்பது பிளாட்பாரம். அப்போதைக்கு வேலையில் உள்ளவை அங்கே நிற்கும். ஹார்டு டிஸ்க் என்பது சரக்குக் கிடங்கு. கிராபிக்ஸ் கார்டு, திரையில் காணும் காட்சிகளை வரைவதற்கென்றே அமைந்த தனித் தொழிற்சாலை. மதர்போர்டு இவை அனைத்தையும் இணைக்கும் தண்டவாளம். எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்பெட்டி, எல்லாவற்றிற்கும் மின்சாரம் அளிக்கும் துணை மின்நிலையம்.

காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டு செல்லும் வண்டியில், ஒற்றைத் தடத்தில் கிராசிங்குக்காகக் காத்துக் கிடந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. எஞ்சினின் ஆற்றல் எவ்வளவாயினும் என்ன? எதிர்வண்டி வந்து சேரும்வரை நிற்கவேண்டியதுதான். அங்கே எஞ்சினை மாற்றிப் பயனில்லை. தடத்தை இரட்டிக்க வேண்டும். கணிப்பொறியும் அவ்வாறே. ஆறு உறுப்புகளுள் ஏதோ ஒன்று மற்றவற்றைத் தடுத்து நிறுத்துகிறது. பணம் குறைவாக உள்ளவர் செய்யவேண்டியது அந்த ஒன்றைக் கண்டுபிடித்து அதை மட்டும் மாற்றுவதே. கையில் பணம் மிகுந்தவர் கண்டபடி மாற்றலாம், தவறினாலும் தாங்குவார். நம் குடும்பங்களுக்கு அந்த வசதி இல்லை.

கண்டுபிடிப்பது எப்படி? இதற்கு ஒரு பைசாவும் தேவையில்லை. விளையாட்டை ஓட விட்டு, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் என்னும் பலகை திறக்கும். அதில் ஒவ்வோர் உறுப்பும் எத்தனை விழுக்காடு உழைக்கிறது என்று தெரியும். கிராபிக்ஸ் கார்டு 95 விழுக்காட்டிற்கு மேல் உழைத்துக்கொண்டிருந்தால் தடை அங்கேதான். அது 50, 60-இல் ஓய்வாக நிற்க, காட்சி மட்டும் திக்கித் திணறினால் குற்றவாளி பெரும்பாலும் ப்ராசஸர். மெமரி 90-ஐத் தாண்டி நின்றால் ராம் போதவில்லை. டிஸ்க் ஓயாமல் 100-இல் நின்றால் கிடங்கில் நெரிசல்.

இன்னொரு சோதனையும் உண்டு. விளையாட்டின் காட்சித் தரத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்க்க வேண்டும். உடனே ஓட்டம் விரைந்தால், கார்டின்மேல் சுமை அதிகம் என்று பொருள். குறைத்தும் மாற்றமில்லை என்றால், எத்தனை ஆயிரம் கொடுத்துப் புதுக் கார்டு வாங்கினாலும் பழைய கதையே தொடரும். வேலரண்ட், கவுண்ட்டர் ஸ்ட்ரைக் போன்ற விளையாட்டுகள் ப்ராசஸரையே அதிகம் நம்பி நிற்பவை. பரந்த நகரங்களையும் காடுகளையும் காட்டும் கதை விளையாட்டுகள் கார்டின்மேல் பாரத்தை ஏற்றுபவை. ஆகவே, "எந்த விளையாட்டுக்கு?" என்ற வினாவிற்கு விடை தெரியாமல் கடைக்குப் போவது, நோய் தெரியாமல் மருந்துக் கடைக்குப் போவது போலாகும்.

காசில்லாமல் ஆகும் காரியங்கள்

நாம் விசாரித்தபோது வியந்த செய்தி ஒன்று. பல பிள்ளைகள் கார்டு வாங்கிய பின்னும், மானிட்டரின் கேபிளை மதர்போர்டில் உள்ள துவாரத்திலேயே செருகி வைத்திருக்கிறார்களாம்! புதுக் கார்டு உள்ளே வெறுமனே அமர்ந்திருக்கும். காட்சியை வரைவதோ ப்ராசஸருக்குள் இருக்கும் எளிய பகுதி. கேபிளை மாற்றிக் கார்டில் செருகினால் போதும்.

அடுத்தது புழுதி. கோடையில் நம் பகுதி வெயிலைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ப்ராசஸர் சூடேறி 95, 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. "மத்தியானம் ஆடினா மாட்டிக்கிது, ராத்திரி நல்லா போகுது" என்று பிள்ளைகள் சொல்வதன் காரணம் இதுவே. கேபினட்டைத் திறந்து, மின்விசிறிகளிலும் ஹீட் சிங்க்கிலும் படிந்துள்ள அழுக்கை மென்மையான தூரிகையால் நீக்கி, ப்ராசஸரின்மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாக இடவேண்டும். இதற்குச் சில நூறு ரூபாய்க்குமேல் ஆகாது. மின்பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கலாகாது. இணைப்பைப் பிடுங்கிய பின்னரும் அதனுள் மின்சாரம் தேங்கி நிற்கும். கணிப்பொறியைச் சுவரோடு ஒட்டியோ அலமாரிக்குள் அடைத்தோ வைப்பதும் வேண்டாம்.

இவற்றையெல்லாம் செய்த பிறகும் குறை தீரவில்லை என்றால் மட்டுமே பணப்பையைத் திறப்போம்.

பழைய ஹார்டு டிஸ்க்கிலேயே இயங்கும் கணிப்பொறியாயின், முதல் செலவு எஸ்.எஸ்.டி. என்பதில் நமக்கு ஐயமில்லை. ஹார்டு டிஸ்க் ஒரு விநாடிக்கு 100 முதல் 150 எம்.பி. வரை படிக்கும், சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. 500 எம்.பி.க்கு மேல் படிக்கும். மதர்போர்டிலேயே பொருத்தும் என்.வி.எம்.இ. வகை அதனினும் பல மடங்கு விரைவு. விளையாட்டின் காட்சி இதனால் அழகாகிவிடாது. ஆனால் கணிப்பொறி எழுந்து நிற்கும் நேரமும், விளையாட்டு திறக்கும் நேரமும் நிமிடங்களிலிருந்து விநாடிகளாகச் சுருங்கும். அதே கணிப்பொறியில் தங்கை கல்லூரிப் பாடம் எழுதுகிறாள் என்றால், அவளுக்கும் இது இலாபமே. வீட்டில் ஒருவருக்காகச் செய்யும் செலவு அனைவருக்கும் உதவுமாயின் அதை முதலில் செய்வது முறை.

ராம் 8 ஜி.பி. உள்ளவர்கள் 16 ஆக்கிக்கொள்ளலாம். ஒரே துண்டாக இருப்பதைவிட, ஒத்த வகையில் இரண்டு துண்டுகளாக இருப்பது சிறப்பு. அப்போது ஒரே நேரத்தில் இரு வழிகளில் செய்தி ஓடும். ஆகவே இருக்கும் 8-ஐத் தூக்கி எறிந்துவிட்டு 16 வாங்கவேண்டியதில்லை. அதற்கு இணையான இன்னொரு 8 போதும். 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து ராமின் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரும் கணிப்பொறிக் கூடங்கள் உலகெங்கும் எழும்பவே, நினைவகச் சில்லு செய்யும் தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. எங்கோ அமெரிக்காவில் கட்டும் கூடத்திற்கு நம் ஊர்ப் பிள்ளை விலை கொடுக்கவேண்டி வருவதை என்னென்பது! இந்நிலையில் பழைய டி.டி.ஆர். 4 ராமை இரண்டாம் கையாக வாங்குவதில் தவறில்லை. சுழலும் பாகமோ தேயும் பாகமோ அதில் இல்லை. மெம்டெஸ்ட் என்னும் சோதனையை ஓர் இரவு ஓட்டிப் பார்த்தால் நல்லதா பழுதா என்பது தெரிந்துவிடும்.

கார்டும் மின்பெட்டியும்

இப்போது மூல வழக்கிற்கு வருவோம். கார்டு வாங்கப் புறப்படும் பிள்ளைகள் பலர் அதைத் தாங்கும் மின்பெட்டியைப் பற்றி எண்ணுவதில்லை. கடையில் கட்டித் தரும் மலிவுக் கணிப்பொறிகளில், பெயர் தெரியாத நிறுவனத்தின் மின்பெட்டி ஒன்றைக் கேபினட்டோடு சேர்த்தே தந்துவிடுகிறார்கள். அதன்மேல் "450 வாட்" என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அந்த எழுத்தைப் பார்த்து ஏமாறலாகாது. பக்கவாட்டில் ஒட்டியுள்ள அட்டவணையில் 12 வோல்ட் என்ற கட்டத்தைப் பார்க்க வேண்டும். கார்டும் ப்ராசஸரும் உணவு உண்பது அந்த வழியில்தான். அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தால், 12-ஐ 18-ஆல் பெருக்க 216 வாட். உண்மையான பலம் அவ்வளவே. அதையும் நீண்ட நேரம் தாங்குமா என்பது வேறு கேள்வி.

இதற்கு எதிரே கார்டுகளின் பசியை வைத்துப் பார்ப்போம். ஜி.டி.எக்ஸ். 1650 கார்டுக்கு 75 வாட். அதை மதர்போர்டின் துவாரமே தந்துவிடும். ஆர்.எக்ஸ். 6600 கார்டுக்கு 132 வாட், ஆர்.டி.எக்ஸ். 3060-க்கு 170 வாட். இவற்றிற்கு மின்பெட்டியிலிருந்து தனிக் கம்பி வரவேண்டும். செய்த நிறுவனங்களே முன்னதற்கு 450 வாட்டும் பின்னதற்கு 550 வாட்டும் உள்ள நல்ல மின்பெட்டியைப் பரிந்துரைக்கின்றன. மலிவுப் பெட்டியில் பெரிய கார்டைப் பொருத்தினால், விளையாட்டின் உச்சத்தில் கணிப்பொறி திடீரென்று அணைந்து போகும். அது நல்வாய்ப்பு. பெட்டி வெடித்துப் போகும்போது கார்டையும் மதர்போர்டையும் உடன் அழைத்துக்கொண்டு போவதும் உண்டு. இரண்டாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் இருபதாயிரத்தை எரிப்பது சிக்கனம் ஆகாது. "80 பிளஸ்" முத்திரையும் ஐந்தாண்டு உத்தரவாதமும் உள்ள நல்ல மின்பெட்டி, இந்தக் கணிப்பொறிக்குப் பின் வரும் கணிப்பொறிக்கும் உதவும். மற்ற எதில் குறைத்தாலும் இதில் குறைக்கவேண்டாம் என்பதே நம் துணிபு.

நம்மிடம் பட்டியல் கொண்டுவந்த இளைஞனிடம் இருந்தது ரைசன் 5 2600 ப்ராசஸர், ஒரே துண்டாக 8 ஜி.பி. ராம், பழைய ஹார்டு டிஸ்க், ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. கார்டு, பெயரற்ற மின்பெட்டி. கேட்டது ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு ஒன்றே. "தம்பி, உன் மின்பெட்டியில் கார்டுக்கான கம்பி இருக்கிறதா?" என்று கேட்டோம். விழித்தான். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவந்து, "இல்ல ஃபாதர்" என்றான். இருபத்தைந்தாயிரமும் கார்டுக்கே போயிருந்தால், அதைப் பொருத்த இயலாமல் மீண்டும் தாயிடம் வந்து நின்றிருப்பான். இரண்டாம் வளையலுக்கும் வேலை வந்திருக்கும். முதலில் நல்ல மின்பெட்டி, எஸ்.எஸ்.டி., இன்னொரு துண்டு ராம் என்று முடிவாயிற்று. அவன் கேட்ட தொகையில் ஏறத்தாழப் பாதியில் அது முடிந்தது. பாதி தந்தை கொடுத்தார். மீதியைத் தன் விடுமுறை வேலைக் கூலியிலிருந்து மகன் போட்டான். கார்டு பின்னர், பழையதை விற்ற பணத்தோடு இரண்டாம் கையாக ஒன்று. தந்தையும் மகனும் பேசத் தொடங்கியது அந்த மின்பெட்டியின் அட்டவணையைச் சேர்ந்து படித்த அன்றுதான் என்று தாய் சொன்னார்கள்.

ரிச்சி தெரு

அரக்கோணத்தில் எளிய உதிரிபாகங்கள் கிடைக்கும். ஆனால் நான்கு கடைகளில் விலை கேட்டு வாங்க விரும்புவோர்க்குச் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவே இடம். வானொலி உதிரிபாகங்கள் விற்ற காலத்திலிருந்து வளர்ந்து, இன்று மின்னணுப் பொருள்களுக்கு இந்தியாவின் பெருஞ்சந்தைகளுள் ஒன்றாக அது விளங்குகிறது. புறநகர் மின்தொடரில் ஏறினால் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். இறங்குமிடம் மூர் மார்க்கெட் வளாகம். பழைய பொருள்களுக்குப் பெயர்பெற்ற மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாயிற்று. அந்த இடத்தில்தான் இன்று நம் மின்வண்டிகள் வந்து நிற்கின்றன. அங்கிருந்து மெட்ரோவில் ஒரே நிலையம் தாண்டி, அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஆகவே திருப்பலியைத் தவறவிட்டுப் போவதற்கு இது காரணமாகாது!

புறப்படும் முன் இணையத்தில் விலைகளைப் பார்த்துத் தாளில் குறித்துக்கொள்வது நலம். முதற் கடையிலேயே வாங்கிவிடாமல் மூன்று கடை ஏறி இறங்கவேண்டும். "பில் வேண்டாம்னா குறைச்சுத் தரேன்" என்று சிலர் சொல்வார்கள். 18 விழுக்காடு வரி மிச்சம் என்று தோன்றும். பில் இல்லையேல் உத்தரவாதம் இல்லை. ஆறாம் மாதம் எஸ்.எஸ்.டி. பழுதானால் கேட்க வாய் இராது. அரசுக்குச் சேரவேண்டிய வரியை மறைக்க உடன்படுவது சரியா என்ற கேள்வியையும் நம் பிள்ளைகள் கேட்டுக்கொள்ளட்டும். பெட்டியின்மேல் உள்ள வரிசை எண் பில்லில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

இரண்டாம் கைக் கார்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏமாற்று அதிகம் நிகழும் இடம் இது. ஈத்தரியம் என்னும் மின்னியல் நாணயத்தை உண்டாக்குவதற்காக, உலகெங்கும் இலட்சக்கணக்கான கார்டுகளை இரவும் பகலும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2020 முதல் ஈராண்டுகள் கார்டுகள் கிடைக்காமல் போனதற்கும் விலை இரட்டித்ததற்கும் அதுவும் ஒரு காரணம். 2022 செப்டம்பர் 15 அன்று ஈத்தரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டபோது, அந்தக் கார்டுகளுக்கு வேலை இல்லாமற் போயிற்று. பழைய சந்தைக்கு வந்து குவிந்தன. அவ்வாறு உழைத்த கார்டு எல்லாம் கெட்டது என்று சொல்வதற்கில்லை. பெரும்பாலும் தேய்ந்திருப்பவை அதன் மின்விசிறிகளும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டும்தான். எனினும் விலை அதற்கேற்பக் குறைந்திருக்க வேண்டும். கண் முன்னே அரை மணி நேரம் கனமான விளையாட்டொன்றை ஓட்டிக் காட்டச் சொல்லவேண்டும். "கரன்ட் இல்லை, வீட்டுல போட்டுப் பாருங்க" என்பவரிடம் வணக்கம் கூறி நகர்வதே உத்தமம்.

போலிகளும் உலவுகின்றன. மிகப் பழைய கார்டின் உள்ளெழுத்தை மாற்றி, ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. என்று காட்டும்படி செய்து விற்பவர்கள் உண்டு. ஆர்.எக்ஸ். 580 என்ற பெயரிலேயே இரு வகைகள் உள்ளன. முழுமையானதில் 2304 கணக்கீட்டு அலகுகள், குறைந்ததில் 2048. ஜி.பி.யு.-இசட் என்னும் இலவசச் செயலியைத் திறந்தால் இவ்வுண்மைகள் வெளிப்பட்டுவிடும். புதுக் கார்டுகளிலும் பொறி உண்டு. 2022 ஜனவரியில் வெளிவந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி., மதர்போர்டோடு நான்கு தடங்களில் மட்டுமே பேசுகிறது. புதிய மதர்போர்டில் அது குறையாகத் தெரியாது. நம் பிள்ளைகளிடம் உள்ள பழைய வகை மதர்போர்டில் அந்த நான்கு தடங்களின் வேகம் பாதியாகிவிடும். மலிவு என்று வாங்கியவர்கள் இதனால்தான் மனம் நொந்தார்கள்.

ப்ராசஸர் மாற்றுவோர் மதர்போர்டின் சாக்கெட்டைப் பார்க்கவேண்டும். ஏ.எம்.டி.யின் ஏ.எம். 4 சாக்கெட் உள்ளவர்கள் பேறுபெற்றோர். 2017-இல் வந்த முதல் ரைசனுக்கான போர்டுகளுள் பல, பயாஸைப் புதுப்பித்துக்கொண்டால் ரைசன் 5000 வரிசையையும் ஏற்கும். நாம் கண்ட இளைஞன் என்றேனும் ப்ராசஸர் மாற்ற விரும்பினால், போர்டையும் ராமையும் தொடாமலே மாற்றலாம். இன்டெலில் அந்தத் தாராளம் இல்லை. ஆறாம், ஏழாம் தலைமுறைக்கான போர்டில் எட்டாம் தலைமுறை ப்ராசஸர், முனைகளின் எண்ணிக்கை ஒத்திருந்தும், வேலை செய்யாது.

டி.டி.ஆர். 3 ராம் உள்ள பத்தாண்டுப் பழைய கணிப்பொறியாயின், எஸ்.எஸ்.டி. ஒன்றைத் தவிர வேறு எதையும் அதில் போடவேண்டாம். எஸ்.எஸ்.டி.யைப் பின்னர் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். ப்ராசஸருக்கும் ராமுக்கும் இட்ட பணம் திரும்பாது. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு மேம்பாடுகள் 2025 அக்டோபர் 14-உடன் பொதுவாக முடிவுற்றன. விண்டோஸ் 11-க்கோ இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது ரைசன் 2000 வரிசையிலிருந்து மேற்பட்டவையே முறைப்படி தகுதியுடையவை. அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல், எச்.பி. கணிப்பொறிகள் ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கின்றன. உறுதியானவை, படிப்புக்கு மிக ஏற்றவை. ஆனால் விளையாட்டுக் கார்டு பொருத்தும் எண்ணமிருந்தால் எச்சரிக்கை. அவற்றுள் பலவற்றின் மின்பெட்டி 240 வாட்டிற்குட்பட்டது. இணைப்பும் அந்த நிறுவனத்துக்கே உரியது என்பதால் வெளியில் வாங்கிய மின்பெட்டி பொருந்தாது. குட்டைக் கேபினட்டில் முழு உயரக் கார்டு நுழையவும் நுழையாது.

விளக்கெரியும் மின்விசிறி, வண்ணம் மாறும் கீபோர்டு இவற்றைப் பற்றி எழுத நமக்கு மனமில்லை. பிறந்தநாளுக்கு மாமா வாங்கித் தந்தால் வாங்கிக்கொள்ளட்டும்.

வீட்டு மின்சாரம் பற்றிச் சில வார்த்தைகள். மூன்று முனைப் பிளக்கின் எர்த் இணைப்பு உண்மையாகவே வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கவேண்டும். கேபினட்டைத் தொட்டால் "சுர்" என்கிறது என்று சொல்லும் வீடுகள் நம் பங்கில் உண்டு. 600 வி.ஏ. என்று விற்கப்படும் யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்டையே தாங்கும்; பெரிய கார்டு பூட்டியபின் மின்தடை வந்தால் அது கைவிட்டுவிடும். விளையாட்டை நிறுத்திவிட்டுக் கணிப்பொறியை முறையாக அணைக்க மட்டுமே அது.

தவணை முறையைப் பற்றியும் கேட்டார்கள். "வட்டியில்லாத் தவணை" என்பதில் நடைமுறைக் கட்டணம் என்று ஒன்று ஒளிந்திருக்கும். தவணை தவறினால் அபராதம் வேறு. கணிப்பொறியின் உறுப்புகளை ஒவ்வொன்றாகவே மாற்றலாம் என்பதால் கடனுக்கே தேவையில்லை. தீபாவளிக்கு மின்பெட்டி, கிறிஸ்துமஸுக்கு எஸ்.எஸ்.டி., தேர்வு முடிந்தபின் கார்டு என்று நிற்க முடியும். இடையில் விலை இறங்கினால் அதுவும் இலாபம்.

கழற்றிய பழைய பாகங்களை மூலையில் போட்டு வைக்கவேண்டாம். கார்டும் ராமும் பொதுவாகக் காலப்போக்கில் விலை இழப்பவை, விற்றுவிடுவது நலம். ஹார்டு டிஸ்க் மட்டும் வேறு. அதை இரண்டாம் கிடங்காக அதே கணிப்பொறியில் பொருத்தி, திருமணப் படங்களையும் புதுநன்மைப் படங்களையும் அதில் பிரதி எடுத்து வைக்கலாம். விற்கத்தான் வேண்டுமென்றால், உள்ளிருக்கும் ஆதார் நகல்களையும் வங்கிக் கணக்குப் பக்கங்களையும் குடும்பப் படங்களையும் வெறுமனே "டெலீட்" செய்வது போதாது. அவ்வாறு அழித்தவற்றை மீட்டெடுக்கச் செயலிகள் உண்டு. டிஸ்க் முழுவதன் மீதும் வெற்றெழுத்து எழுதி நிரப்பும் முழு ஃபார்மட் முறையில் ஓரிரவு ஓடவிட்ட பின்னரே அது வீட்டு வாசலைத் தாண்டட்டும்.